கீறல் இல்லாத தோல் கேட்கிறார்கள், மேய்ச்சல் ஆடும் கேட்கிறார்கள்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, ஈரோட்டில் கைப்பை, பர்ஸ், கையுறை தைக்கும் சிறிய பட்டறை நடத்துகிறேன். செம்மறித் தோலை உள்ளூர் டேனரி (தோல் பதனிடும் ஆலை) ஒன்றில் வாங்குகிறேன். அவர்கள் தோல் மண்டியில் வாங்குகிறார்கள். இத்தாலியில் விலையுயர்ந்த பைகள் விற்கும் நிறுவனம் ஒன்றின் முகவர் எங்கள் மாதிரிகளைப் பார்த்துவிட்டு ஆர்டர் தரத் தயாராக இருக்கிறார். அதற்கு முன் ஒரு கேள்வித்தாளை நிரப்பச் சொல்கிறார். ஆடு எங்கே வளர்ந்தது, எப்படிக் கொண்டுவரப்பட்டது, எப்படி அறுக்கப்பட்டது, சான்றிதழ் உண்டா என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். தோலில் கீறலோ தழும்போ இருக்கவே கூடாது என்று தனித்தாளில் வேறு எழுதியிருக்கிறார். "எல்லாவற்றுக்கும் ஆம் என்று டிக் அடித்து அனுப்புங்கள், யார் வந்து பார்க்கப் போகிறார்கள்" என்கிறார் என் மைத்துனர். கோவையில் கல்லூரியில் படிக்கும் மகளோ, தோலையே விட்டுவிட்டுச் செயற்கைத் தோலுக்கு மாறச் சொல்கிறாள். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்பு நண்பருக்கு, வணக்கம்.

டிக் அடித்து அனுப்பாதீர்கள். அந்தத் தாளில் கேட்டிருப்பவற்றில் பாதிக்கு மேல் இன்றைய நிலையில் உங்களுக்குத் தெரியாது. தெரியாததற்குக் கையெழுத்துப் போட்டால், அது நாளைக்கு உங்கள் பெயரில்தான் நிற்கும்; மண்டிக்காரர் பெயரிலோ டேனரி பெயரிலோ நிற்காது. ஆர்டர் பெரிதாகும்போது அவர்கள் ஆள் அனுப்பிப் பார்க்கத்தான் செய்வார்கள். ஆனால் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தினால் மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்தக் கேள்விகளுக்கு உண்மையான, நல்ல பதில் கொங்கு நாட்டில் இருக்கிறது. அதைத் தேடிப் பிடிக்காமல் பொய்யை எழுதி அனுப்பினால், நல்லபடியாக ஆடு வளர்ப்பவருக்கு வரவேண்டிய மதிப்பைக் கெடுத்தவர்களாகிவிடுவோம்.

அவர்கள் ஏன் இப்போது இதையெல்லாம் கேட்கிறார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஆடம்பர நிறுவனங்கள் முதலில் விலங்குமயிர் (மயிரோடு பதனிட்ட தோல், ஃபர்) விஷயத்தில் நெருக்கப்பட்டன. குச்சி (Gucci) நிறுவனம் 2017-இல் விலங்குமயிரைக் கைவிடுவதாக அறிவித்தது. ஷனேல் 2018-இல் விலங்குமயிரோடு முதலை, பாம்பு போன்றவற்றின் தோல்களையும் நிறுத்துவதாகச் சொன்னது. 2021-இல் குச்சியின் தாய் நிறுவனமான கெரிங், தன் குழுமத்தின் எல்லா நிறுவனங்களும் விலங்குமயிரை விட்டுவிடும் என்றது. இதற்கிடையே வாத்து இறகுக்கு 2014-இலும் கம்பளிக்கு 2016-இலும் பண்ணையிலிருந்தே தொடங்கும் சான்றுமுறைகள் வந்தன. உயிரோடு இறகு பிடுங்கக் கூடாது, ஆட்டுக்குட்டியின் பின்புறத் தோலைக் கத்தரித்தெடுக்கக் கூடாது என்பவை அவற்றின் முக்கிய விதிகள். ஆஸ்திரேலிய மெரினோ குட்டிகளுக்கு ஈப்புழு பிடிக்காமல் இருக்க இப்படித் தோலைக் கத்தரிக்கும் வழக்கம் உண்டு. நியூசிலாந்து அதை 2018-இல் தடை செய்தது. திருப்பூரில் மெரினோ ஸ்வெட்டர் ஆர்டர் எடுப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இந்தக் கேள்வி அவர்களுக்கு ஏற்கெனவே பழகியிருக்கும். தோலுக்கு அப்படிப் பரவலாக ஏற்கப்பட்ட பண்ணைச் சான்று இன்னும் கைக்கு எளிதாக வரவில்லை. அதனால்தான் கேள்வித்தாள் அனுப்புகிறார்கள்.

இப்போது உங்கள் தோலுக்கு வருவோம். ஈரோட்டுப் பக்கம் நல்ல செம்மறித் தோல் என்றால் பெரும்பாலும் மேச்சேரி இனமாகத்தான் இருக்கும். சேலம் மாவட்டத்தில் மேச்சேரி, நங்கவள்ளி, ஓமலூர், இந்தப் பக்கம் பவானி வரை அதன் தாயகம். பொட்டனேரியில் அதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வெளிர் பழுப்பு நிறம், கொம்பு இல்லாத தலை, குட்டை வால், கம்பளி இல்லாமல் குட்டை மயிர். கம்பளி ஆடுகளின் தோல் தொளதொளப்பாகவும் கொழுப்பு மிகுந்தும் இருக்கும். மேச்சேரித் தோல் இறுக்கமானது, இழை நெருக்கமானது. இந்தியச் செம்மறி இனங்களில் தோல் தரத்துக்குப் பெயர் வாங்கிய இனம் இது. கையுறைக்கு இதைவிட நல்ல தோல் உங்களுக்கு அருகில் கிடைக்காது.

அந்த ஆடு எங்கே மேய்கிறது என்பதுதான் உங்கள் இத்தாலிய முகவருக்குத் தெரிய வேண்டியது. காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் கொறங்காடு என்று சொல்கிறோமே, அதை அவருக்கு விளக்கி எழுதுங்கள். மழை குறைந்த மேட்டு நிலம், சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே நிழலுக்கும் காய்க்கும் வெள்வேல மரம். ஆடும் மாடும் உள்ளே விடப்பட்டு, அடைப்பு மாற்றி அடைப்பு மேய்கின்றன. நிழல் உண்டு, நடக்க இடம் உண்டு, மந்தையோடு இருக்கும் வாழ்க்கை உண்டு. பசியும் தாகமும் இல்லாமை; இருப்பிடத்தில் அசௌகரியம் இல்லாமை; வலியும் காயமும் நோயும் இல்லாமை; இயல்பான நடத்தைக்கு இடம்; அச்சமின்மை என்று பிரிட்டனில் 1979-இல் வகுத்த ஐந்து சுதந்திரங்கள்தான் இன்றைக்கும் இத்தகைய கேள்வித்தாள்களின் முதுகெலும்பு. அவற்றில் நான்காவதற்குக் கொறங்காட்டைப் போலப் பதில் சொல்லக்கூடிய இடம் ஐரோப்பாவிலேயே அதிகம் இருக்காது. கோடையில் தண்ணீர், குடற்புழு, உண்ணி என்று குறைகளும் இருக்கின்றன. அந்த வட்டாரத்தில் கால்நடை மருத்துவராக வேலை பார்த்தவன் என்ற முறையில் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

இனி, கீறல். தோலை வாங்கும்போது மேசையில் விரித்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்துப் பாருங்கள். மயிர்ப்பக்கத்தில் ஊசி குத்தியது போன்ற நுண்ணிய துளைகள் கூட்டமாக இருந்தால் உண்ணி. வட்டமாகக் குழிந்து பளபளக்கும் தழும்புகள் இருந்தால் அம்மை. அந்த மந்தைக்குத் தடுப்பூசி போடவில்லை, அல்லது காலம் தாழ்ந்து போட்டார்கள். விலாவில் நீளவாக்கில் மெல்லிய கோடுகள், ஆறி வெளுத்தவை, கிளுவை முள்ளும் வேல முள்ளும் உரசியவை. பச்சைத்தோலாக இருக்கும்போது சதைப்பக்கத்தைத் திருப்பினால், தொடையிலும் விலாவிலும் கன்றிச் சிவந்த திட்டுகள் சிலவற்றில் தெரியும். ஆட்டைக் காலைப் பிடித்துத் தூக்கி எறிந்ததும், விலாத் தோலைக் கொத்தாகப் பிடித்து இழுத்ததும், தடியால் அடித்ததும் அப்படித்தான் பதியும். கன்றல் சிவப்பாக இருந்தால் அடி விழுந்து அதிக நேரம் ஆகவில்லை, கடைசி நாளில் பட்டது என்று பொருள். பதனிட்ட பிறகு மரக்கிளை போல நரம்போட்டம் தெரிகிறதா, ரத்தம் சரியாக வடியவில்லை. ஓரங்களில் பிறை வடிவ வெட்டுகள் இருந்தால் உரித்தவரின் கத்தி அவசரப்பட்டிருக்கிறது.

இத்தனையும் ஒரே தோலில் இருக்கலாம். ஆனால் எல்லாம் ஒன்றல்ல. அம்மைத் தழும்பும் உண்ணித் துளையும் கன்றலும் ஆடு துன்பப்பட்டதற்கு அடையாளம். ஆறிய முள் கீறல், அந்த ஆடு வெளியில் நடந்து மேய்ந்ததற்கு அடையாளம். உங்கள் முகவர் இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்தி, எதுவுமே இருக்கக் கூடாது என்கிறார். அது நடக்க வேண்டுமென்றால் ஆட்டைக் கொட்டகையில் அடைத்து, பலகைத் தரையில் நிறுத்தி, முள்ளே படாமல் வளர்க்க வேண்டும். ஆடம்பரத் தோல் தொழிலில் பழுதற்ற கன்றுத்தோலுக்கு உள்ள மோகம் இப்படித்தான் அடைத்து வளர்க்கும் முறைக்குத் துணைபோகிறது. மேய்ச்சலையும் கேட்டு, மேய்ச்சலின் தடயம் இல்லாத தோலையும் கேட்பவர், தான் கேட்பது என்னவென்று யோசிக்கவில்லை. அதை அவருக்கு மரியாதையாக, தெளிவாக எழுதுவது உங்கள் பொறுப்பு. இந்தப் பதிலில் நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான்.

எப்படி எழுதலாம்? பத்துத் தோல்களை எடுத்து, ஒவ்வொரு குறையையும் அருகில் வைத்துப் படமெடுத்து, எது நோய், எது அடி, எது முள் என்று பெயரிட்டு அனுப்புங்கள். நோய்த் தழும்பும் கன்றலும் கத்தி வெட்டும் உள்ளவற்றை நாங்கள் ஏற்க மாட்டோம். ஆறிய முள் கீறல் உள்ளதை நீங்கள் ஏற்க வேண்டும். பையின் முன்பக்கத்துக்கு வேண்டாமென்றால் பக்கவாட்டுக்கும் அடிப்பகுதிக்கும் வெட்டிக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள். பல நிறுவனங்களின் வடிவமைப்பாளர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாது. தெரிந்தால் ஏற்பவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது சந்தை, லாரி, அறுக்கும் இடம். கொங்குப் பகுதிச் செம்மறியின் வாழ்நாளில் கொடுமை என்று ஒன்று நடந்தால், பெரும்பாலும் அது கடைசி இரண்டு நாட்களில்தான் நடக்கிறது. கன்னிவாடியிலோ குண்டடத்திலோ மேச்சேரியிலோ சந்தை நாளில் விடியற்காலையில் போய் நின்று பாருங்கள். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசி முடித்த பிறகு ஆடு எப்படி வண்டி ஏறுகிறது என்று கவனியுங்கள். நான்கு காலையும் கட்டி மொபெட்டின் குறுக்கே போட்டுக்கொண்டு போகிறவர்கள், டெம்போவில் இரண்டு தட்டாக அடுக்குகிறவர்கள், எடை கூட்டிக் காட்ட வாயில் தண்ணீரைப் புகட்டுகிறவர்கள், எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். ஐந்து டன் சரக்கு வண்டியில் 40 ஆடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. தரையில் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் வைக்கோல் பரப்ப வேண்டும். கால்நடை மருத்துவரின் சான்று இருக்க வேண்டும் என்று 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளில் தெளிவாக இருக்கிறது. ஒரு ஆட்டின் கண்ணெதிரே இன்னொன்றை அறுக்கக் கூடாது, சினை ஆட்டை அறுக்கக் கூடாது என்று 2001-ஆம் ஆண்டின் வதைக்கூட விதிகள் சொல்கின்றன. ஞாயிறு காலையில் நம் ஊர்ச் சாலையோரத்தில் நடப்பதை நீங்களும் நானும் பார்க்கிறோம். உரக்கக் கண்டிக்க வேண்டிய நிலை அது.

மேலே சொன்ன தோல் அடையாளங்கள் இந்தக் கட்டத்தை முழுவதும் காட்டிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தாகத்தோடு நின்றதும், பக்கத்து ஆடு அறுபடுவதைப் பார்த்து மிரண்டதும் தோலில் பதியாது. தோல் அழகாக இருக்கிறது என்பதை வைத்து ஆடு நன்றாக நடத்தப்பட்டது என்று எழுதிவிட முடியாது. நீங்கள் ஒரு முறையாவது நேரில் நின்று பார்த்துத்தான் அந்தக் கட்டங்களை நிரப்ப வேண்டும்.

அதற்கு வழி, மண்டியிலிருந்து பின்னோக்கித் துப்பறிவது அல்ல. மண்டியில் பத்து ஊர்த் தோல் கலந்துவிடுகிறது. அங்கே கேட்டுப் பயனில்லை. முன்னாலிருந்து தொடங்குங்கள். ஒரு செம்மறித் தோல் நான்கிலிருந்து ஆறு சதுர அடி இருக்கும். முதல் ஆர்டருக்கு எத்தனை தோல் வேண்டுமென்று கணக்குப் போடுங்கள். அநேகமாகச் சில நூறுக்குள் முடிந்துவிடும். அந்த அளவுக்கு மட்டும் ஒரு தனிச் சங்கிலி அமையுங்கள். கொறங்காட்டுக்காரர்கள் சிலரைப் பிடித்து, சந்தைக்குப் போகாமல் பட்டியிலேயே ஆட்டை வாங்கும் கறிக்கடைக்காரர் ஒருவரோடு இணைத்துவிடுங்கள். சந்தை என்ற ஒரு கட்டம் கழிந்தாலே ஆட்டுக்குப் பாதித் துன்பம் குறையும். அறுப்பது மாநகராட்சி ஆடுவதைக் கூடத்தில் நடக்கட்டும். கத்தி கூர்மையாக இருக்கிறதா, மற்ற ஆடுகள் மறைப்புக்கு அப்பால் நிற்கின்றனவா, உயிர் முழுதும் அடங்கிய பிறகுதான் தோலில் கை வைக்கிறார்களா என்று பாருங்கள். உரித்ததும் அங்கேயே உப்பிட்டு, வால் ஓரத்தில் துளைக்குறி ஒன்றைக் குத்திவிடுங்கள். மையால் எழுதினால் சுண்ணாம்பிலேயே போய்விடும். துளைக்குறி பதனிட்ட பிறகும் நிற்கும், பை தைக்கும்போது அந்த ஓரம் வெட்டுப்பட்டுக் கழிந்துவிடும். நன்றாக உப்பிட்ட தோல் வாரக்கணக்கில் கெடாது, அதனால் நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகளின் தோலைச் சேர்த்து ஒரே லாட்டாக டேனரிக்குக் கொடுக்கலாம். தனி டிரம்மில் போடச் சொல்லுங்கள். ஆவாரம் பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிடும் பழைய முறை தெரிந்தவர்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள்; சிறு லாட்டுக்கு அது தோதாகவும் இருக்கும்.

பணம் யாருக்குப் போக வேண்டும் என்பதையும் யோசியுங்கள். ஆடு விற்கும்போது உயிர் எடைக்குத்தான் விலை. தோல், தலை, கால் எல்லாம் கறிக்கடைக்காரர் கணக்கு. தடுப்பூசி போட்டு, உண்ணி எடுத்து, அருமையான தோலோடு ஆட்டை வளர்த்துக் கொடுப்பவருக்கு அந்தத் தோலுக்காக ஒரு ரூபாய்கூட வருவதில்லை. சில ஆண்டுகளாகத் தோல் விலையே படுத்துக் கிடப்பதால் உரிப்பவரும் அக்கறை காட்டுவதில்லை. நீங்கள் அம்மைத் தழும்பு இல்லாத ஒவ்வொரு தோலுக்கும் ஆட்டுக்காரருக்கு ஒரு தொகையும், வெட்டு இல்லாத ஒவ்வொரு தோலுக்கும் உரிப்பவருக்கு ஒரு தொகையும் தனியாகக் கொடுங்கள். அதைப் பையின் விலையில் சேர்த்து இத்தாலிக்காரரிடம் கேளுங்கள். விலங்கு நலனைப் பற்றி இத்தனை கேள்வி கேட்பவர், அதற்கான செலவில் பங்கெடுக்கவும் வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வித்தாளின் மற்ற பகுதிகள் சுலபம். குட்டியின் பின்புறத் தோலைக் கத்தரிப்பது, வாலை வெட்டுவது இரண்டுக்கும் மேச்சேரி ஆட்டில் இடமே இல்லை. தைரியமாக 'இல்லை' என்று எழுதலாம். பாம்பு, முதலைத் தோல் பற்றிய பக்கம் உங்களுக்குப் பொருந்தாது. இந்தியா ஊர்வனவற்றின் தோல் இறக்குமதியையே 2017-இல் தடை செய்துவிட்டது. மயக்கமூட்டி அறுக்கிறார்களா என்ற கேள்வி நிச்சயம் இருக்கும். நம் ஊரில் பொதுவாக அந்த வழக்கம் இல்லை. இல்லை என்றால் இல்லை என்றே எழுதி, அதற்குப் பதிலாக என்னென்ன பார்த்துக்கொள்கிறீர்கள் என்று விளக்குங்கள். சில நிறுவனங்கள் இதற்காகவே மறுத்துவிடும். அதற்குத் தயாராக இருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய காடழிப்புத் தடுப்புச் சட்டத்தைக் காட்டி மேய்ச்சல் நிலத்தின் வரைபடக் குறிகளைக் கேட்டால், கால்நடைகளில் மாடு மட்டும்தான் அந்தச் சட்டத்தில் வருகிறது, செம்மறி வராது என்று நினைவூட்டுங்கள்.

சான்றிதழ் பற்றி ஒரு எச்சரிக்கை. உங்கள் டேனரி, லெதர் வொர்க்கிங் குரூப் தணிக்கையில் தேறியிருந்தால் அது நல்ல விஷயம், அதைக் குறிப்பிடுங்கள். ஆனால் 2005-இல் தொடங்கிய அந்த அமைப்பு முதன்மையாகப் பார்ப்பது டேனரியின் தண்ணீர், ரசாயனம், கழிவு, மின்சாரம் ஆகியவற்றைத்தான். தோல் எந்த வதைக்கூடத்திலிருந்து வந்தது என்று தடம் காட்ட முடிகிறதா என்றும் பார்க்கிறார்கள். ஆடு எப்படி வாழ்ந்தது என்பதற்கு அது சான்று ஆகாது. விலங்கு நலக் கட்டத்தில் அந்தப் பெயரை எழுதும் பழக்கம் தொழிலில் பரவியிருக்கிறது. நீங்கள் அதைச் செய்ய வேண்டாம்.

உங்கள் மகளுக்கு. விலங்கை எந்த வகையிலும் பயன்படுத்தக் கூடாது என்பது அவருடைய நிலைப்பாடானால் அதை நான் மதிக்கிறேன், வாதிடவும் மாட்டேன். ஆனால் செயற்கைத் தோல் என்று கடைகளில் விற்பவை பெரும்பாலும் பி.வி.சி. அல்லது பாலியூரிதேன் பூசிய துணி. அன்னாசி இலை, ஆப்பிள் சக்கை என்று சொல்லி வருபவற்றிலும் பல மேல்பூச்சில் பிளாஸ்டிக் கொண்டவை. சில ஆண்டுகளில் உரிந்து குப்பைக்குப் போகும், மக்காது. தோலும் சுத்தமான கதை இல்லை. காளிங்கராயன் வாய்க்காலில் சாயக்கழிவும் தோல் கழிவும் ஓடியதைக் கண்ட ஊர்க்காரர் நீங்கள், அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கறிக்காக அறுக்கப்படும் ஆட்டின் தோல் எப்படியும் மிஞ்சுகிறது. அதைக் குழியில் புதைப்பதைவிட இருபது வருடம் உழைக்கும் பையாக்குவது நல்லது என்பது என் கருத்து. அவரையும் ஒரு நாள் கொறங்காட்டுக்கும் சந்தைக்கும் ஆடுவதைக் கூடத்துக்கும் உடன் அழைத்துப் போங்கள். இந்தக் கேள்வித்தாளை நிரப்ப அவரைவிடப் பொருத்தமான ஆள் உங்களுக்குக் கிடைக்க மாட்டார். கேள்வி கேட்கும் மனம் அவரிடம் இருக்கிறது.

மைத்துனரையும் விட்டுவிடாதீர்கள். ஆட்டுக்காரர்களோடும் கறிக்கடைக்காரரோடும் பேசி முடிக்கிற சாமர்த்தியம் அவருக்கு இருந்தால் அந்த வேலையை அவரிடம் கொடுங்கள்.

தனிச் சங்கிலி அமைய இரண்டு மூன்று மாதம் ஆகும். முகவரின் கெடு அதற்கு முன்பே வந்தால், இப்போது தெரிந்த கட்டங்களை மட்டும் நிரப்புங்கள். மற்றவற்றில் 'தற்போது தடம் காட்ட இயலாது' என்று எழுதி, எந்த மாதத்திலிருந்து எத்தனை தோலுக்குத் தடம் காட்டுவீர்கள் என்று ஒரு பக்கத் திட்டத்தை இணைத்து அனுப்புங்கள். அந்தத் திட்டத்தில் உங்கள் பகுதி அரசு கால்நடை மருந்தக மருத்துவரின் வருகைக் குறிப்பையும், தடுப்பூசிப் பதிவையும் சேர்க்கப் போவதாகச் சொல்லுங்கள். மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அம்மைத் தடுப்பூசிக்கான காலத்தைக் கேட்டுக்கொண்டு, நீங்கள் தேர்ந்தெடுக்கும் பட்டிகளுக்கு இந்த முறை விடுபடாமல் போட ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.